சிட்டையும் பேரேடும்

அன்புள்ள ஐயா,

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். வயது 26. இரண்டு வருடமாகக் கதைகள் எழுதிப் பார்க்கிறேன். எழுதுகிறவர்கள் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்னதைக் கேட்டு நோட்டு வாங்கினேன். இதுவரை மூன்று. எதிலும் பத்துப் பக்கம் தாண்டவில்லை. நன்றாக வராத பக்கங்களைக் கிழித்துவிடுகிறேன். முதல் நோட்டில் மிஞ்சியிருப்பது நான்கு பக்கம்தான். என் கையெழுத்தும் அழகாக இருக்காது.

என்ன பேனா நல்லது? கோடு போட்ட நோட்டா, போடாததா? போனிலேயே குறித்துக்கொண்டால் ஆகாதா? வீட்டில் அம்மா எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. முக்கியமாக, நோட்டில் எழுதத் தகுந்தது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? போன வாரம் முதியோர் உதவித்தொகை வாங்க வந்த ஒரு பாட்டி, கைநாட்டு வைத்துவிட்டு, "இந்த மை எத்தனை நாளைக்குப் பாப்பா இருக்கும்? பேரனுக்குச் சோறு பிசையணும்" என்று கேட்டார். எழுதலாம் என்று நோட்டைத் திறந்தேன். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. மூடிவிட்டேன்.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

பேனா எதுவானாலும் சரி. எழுதினால் போதும். கோடும் அப்படித்தான். கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், உங்களுக்குப் புரிந்தால் சரி.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் 'கிழித்துவிடுகிறேன்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். போன மாதம் வீட்டுப் பரணை ஒழித்தோம். அங்கே கிடைத்த ஒரு பழைய நோட்டைப் பற்றித்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

அப்பா விருதுநகரில் ஒரு வத்தல், மல்லி மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். மண்டியில் இரண்டு வகை நோட்டு உண்டு. ஒன்று சிட்டை, இன்னொன்று பேரேடு. சிட்டை, நடக்க நடக்க எழுதுவது. வண்டி வந்தது, மூட்டை இறங்கியது, கூலி கொடுத்தது, கடன் சொல்லிவிட்டுப் போனவர் பெயர், எல்லாம் அந்தந்த நிமிஷமே அதில் ஏறிவிடும். நின்றுகொண்டு எழுதுவார்கள், தொடையில் வைத்து எழுதுவார்கள். சாயங்காலம் கடை ஓய்ந்த பிறகு அதைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். அங்கே ஆளுக்கொரு பக்கம், பற்றும் வரவும் தனித்தனியாக. பேரேட்டுக்குச் சிவப்புத் துணி அட்டை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, கீழே 'லாபம்' என்று எழுதி, மஞ்சள் வைத்துப் பூஜையில் வைப்பார்கள். சிட்டைக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. வருஷம் முடிந்து கணக்கு நேரானதும் எடைக்குப் போய்விடும்.

ஒரே ஒரு சிட்டை எப்படியோ எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1966-ஆம் வருஷத்தது. காப்பியிங் பென்சிலால் எழுதியது. நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுகிற பென்சில் அது. ஈரம் பட்ட எழுத்து ஊதாவாகத் தெரியும். அப்பாவின் கீழுதட்டில் ஓர் ஊதாக் கறை எப்போதும் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிட்டையில், என் தங்கை பிறந்த தேதிக்கு நேராக இப்படி இருக்கிறது:

"காலை 4.20 பெண். மழை. மதுரை வண்டி வரலை. மல்லி 14 மூட்டை இறக்கியது, கூலி பாக்கி. காபி 2."

அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெளிறிப் போன சாம்பல் நிறம். 'பெண்' என்ற சொல் மட்டும் நல்ல ஊதா. அந்த ஒரு சொல்லுக்காக அப்பா பென்சிலை நாக்கில் தொட்டிருக்கிறார். தங்கைக்குப் போனில் இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ரெண்டு காபி யாருக்கு?" என்று கேட்டாள்.

அன்றைய பேரேட்டிலும் ஒரு வரி விழுந்திருக்கும். 14 மூட்டை மல்லி யாரோ ஒருவர் பெயரில் ஏறியிருக்கும். மழை அதில் ஏறியிருக்காது. என் தங்கையும் ஏறியிருக்க மாட்டாள்.

எழுத்தாளர் வைத்துக்கொள்ள வேண்டியது சிட்டை, ம. நீங்கள் சிட்டையை வாங்கிவைத்துக்கொண்டு அதில் பேரேடு எழுதப் பார்க்கிறீர்கள். முதல் வரியே அச்சில் வரத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அது வராதபோது பக்கத்தைக் கிழிக்கிறீர்கள். மண்டியில் இது நடக்கவே நடக்காது. தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒற்றைக் கோடு போடுவார்கள். அடித்த எண் கோட்டுக்குக் கீழே தெரிய வேண்டும், சரியான எண் பக்கத்தில் வர வேண்டும். "கிழிச்ச பக்கம் திருட்டுப் பக்கம்டா" என்பார் அப்பா. பள்ளிக்கூட நோட்டில்கூட நான் ஒரு தாளைக் கிழித்தது கிடையாது.

போனில் குறிப்பதிலும் எனக்கு இருக்கிற சங்கடம் இது ஒன்றுதான். திருத்தினால் திருத்திய தடம் போய்விடுகிறது. முதலில் என்ன சொல் போட்டோம், எதற்காக மாற்றினோம் என்று பிறகு பார்க்க முடியாது. பஸ்ஸில் நின்றுகொண்டே போகும்போது வேறு வழியில்லை, போனில் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி நோட்டுக்கு வந்துவிட வேண்டும்.

கிழிப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணித மேதை ராமானுஜனின் அப்பாவும் கணக்கெழுதியவர்தான், கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் மகன் ஸ்லேட்டில் கணக்குப் போட்டார். துணி எடுத்துத் துடைக்க நேரம் ஆகும் என்று முழங்கையாலேயே அழித்தார். முடிவு கிடைத்ததும் அதை மட்டும் நோட்டில் ஏற்றினார். போன வழி முழங்கையோடு போயிற்று. 1920-இல் 32 வயதில் அவர் இறந்தபோது அந்த நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இல்லை. 1957-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவர் கையெழுத்தை அப்படியே படமெடுத்து அச்சிட்டது. புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நிரூபணம் தேடி, ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். முதல் தொகுதி 1985-இல், ஐந்தாவது 1998-இல். ராமானுஜன் விட்டுப்போனது பேரேடு மட்டும். அதன் சிட்டை ஸ்லேட்டில் இருந்தது. அது இருந்திருந்தால் அந்த மனம் எப்படி நடந்தது என்று இன்று நமக்குத் தெரிந்திருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அவருக்குக் காகிதம் கிடைக்கவில்லை, ம. உங்களிடம் மூன்று நோட்டு இருக்கிறது. அதைக் கிழிக்கிறீர்கள்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் உங்கள் வயதில் வேறு வகையில் நோட்டைப் பாழாக்கியிருக்கிறேன். அந்தக் காலத்து நோட்டுகளில் 'மனம் கனக்கிறது' என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. எந்த ஊரில், யார் என்ன சொன்னதால் கனத்தது என்று ஒரு வரி இல்லை. இன்று எடுத்துப் படித்தால் யாரோ ஒருவரின் மனம் மாதிரி இருக்கிறது. யார் என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதி வைத்திருந்தால் மனம் கனத்தது தானாகத் திரும்பி வந்திருக்கும்.

தமிழில் இதற்கு ஒரு பெரிய முன்னோடி இருக்கிறார். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. வியாபாரி, பிற்பாடு பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடையாளும். 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். நடுவில் விட்டுப்போன நாட்கள் உண்டு, ஆனாலும் ஏறக்குறைய 25 வருஷம் எழுதினார். காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது, கப்பல் வந்தது போனது, இவற்றை எழுதுகிறேன் என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். எந்தக் கப்பல் எப்போது வந்தது, கோட்டையில் எத்தனை பீரங்கி போட்டார்கள், கவர்னர் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னார், எல்லாம் இருக்கிறது. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும் அதே நோட்டில்தான், சரக்குப் பேச்சும் அதே நோட்டில்தான். எது பெரியது, எது சின்னது என்று அவர் பிரித்துக்கொண்டு உட்காரவில்லை. பண்டிதர் தமிழைத் தேடிப் போகவில்லை. அன்றைக்கு அந்த ஊர் வியாபாரிகள் பேசிய தமிழ், பிரெஞ்சும் போர்த்துகீசும் பாரசீகமும் கலந்தது, அப்படியே வந்து விழுந்திருக்கிறது. புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போன அதே 1761 ஜனவரியில் அவரும் காலமானார். 1846-இல்தான் அந்த நோட்டுகள் வெளியே தெரியவந்தன. ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்திருக்கிறது. நான் அதை எங்கே பிரித்தாலும் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். கணக்குச் சிட்டை எழுதிப் பழகிய கைதான் அப்படி எழுதும் என்று நான் திடமாக நம்புகிறேன். நாவல் எழுதுகிறவர்கள் முதலில் ஆறு மாதம் ஒரு மண்டியில் சிட்டை எழுதப் பழகலாம். நிஜமாகவே சொல்கிறேன்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்களே. அது சின்னப் பயம் இல்லை. வீட்டில் பெண் பிள்ளைக்கு ஒரு நோட்டை மறைத்து வைக்க ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வங்கியில் உங்கள் மேஜை இழுப்பறைக்குப் பூட்டு இருக்கும். அங்கே வையுங்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் எழுதினால் போதும். வீட்டுக்கு ஒரு வரிகூட எடுத்துப்போக வேண்டாம்.

இப்போது அந்தப் பாட்டி. இதில் என்ன இருக்கிறது என்று மூடிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து முன்பின் தெரியாத எனக்கு எழுதும்போது அந்த அம்மாள் சொன்னது வார்த்தை மாறாமல் உங்களுக்கு வருகிறது. 'பாப்பா' எந்த இடத்தில் வந்தது என்பது உட்பட. மூன்று நோட்டிலும் எழுதாததை எனக்கு எழுதிய கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். இந்தப் பக்கத்திலிருந்து அதை வெட்டி எடுத்து இரண்டாவது நோட்டின் அடுத்த பக்கத்தில் ஒட்டுங்கள். புது நோட்டு வாங்கக் கூடாது.

ஒட்டிவிட்டு, கீழே மிச்சத்தையும் எழுதுங்கள். என்ன கிழமை? எந்தக் கை விரலில் மை வைத்தீர்கள்? துடைக்க ஏதாவது கொடுத்தீர்களா, அவர் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாரா? எத்தனை நாளைக்கு இருக்கும் என்று கேட்டாரே, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அதைக் கடிதத்தில் எழுதவில்லை. அடுத்த மாதம் பணம் வாங்க அவர் திரும்ப வருவார். பேரன் பெயரைக் கேட்டு வையுங்கள்.