கமாடிட்டி ஆப் எதைத் தேர்ந்தெடுப்பது? கேள்வி பதில்

கேள்வி: எம்சிஎக்ஸ் கமாடிட்டி (பொருள்) சந்தையில் தங்கம் வாங்கி விற்க எந்த ஆப் நல்லது?

பதில்: ஆப்பை விடுங்கள், அதை நடத்தும் புரோக்கரைப் பாருங்கள். சந்தைகளைக் கண்காணிக்கும் செபி அவருக்குக் கொடுத்த பதிவு எண் ஐஎன்இசட் (INZ) என்று தொடங்கும். செபி தளத்திலும் எம்சிஎக்ஸ் உறுப்பினர் பட்டியலிலும் அவர் பெயர் இருக்க வேண்டும். அப்புறம், இரவு பத்து மணிக்கு அவர்கள் எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். சந்தை பதினொன்றரை வரை ஓடும். யாரும் எடுக்கவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம்.

கேள்வி: டெலிகிராம் குழுவில் ஒரு ஆப் கொடுத்தார்கள். 10,000 போட்டேன், 14,000 காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: ஆர்டர் உண்மையிலேயே எம்சிஎக்ஸுக்குப் போயிருந்தால் 24 மணி நேரத்துக்குள் வாங்கி விற்றதற்கான ரசீது, அதாவது கான்ட்ராக்ட் நோட், வந்திருக்கும், எக்ஸ்சேஞ்சிலிருந்து எஸ்எம்எஸ்ஸும் வந்திருக்கும். வந்ததா? வரவில்லை என்றால் இன்றே முழுப் பணத்தையும் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: புரோக்கரேஜ் எதில் குறைவு?

பதில்: பல இடங்களில் ஆர்டருக்கு 20 ரூபாய்தான். ஐந்து ரூபாய் மிச்சத்துக்காக பதிவு எண்ணைப் பார்க்காமல் விடாதீர்கள்.

கேள்வி: கச்சா எண்ணெயில் போட்ட மார்ஜினுக்கு (முன்பணத்துக்கு) மேல் நஷ்டம் வராதுதானே?

பதில்: வரும். 2020 ஏப்ரல் 20, எம்சிஎக்ஸில் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி நாள். ஊரடங்கால் சந்தையை மாலை 5 மணிக்கே மூடிவிட்டார்கள். அன்றிரவு நியூயார்க்கில் விலை மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. இங்கே பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று கணக்கு முடித்தார்கள். ஒரு லாட், அதாவது ஒரு ஒப்பந்தத்தின் அளவு, 100 பீப்பாய். சல்லிக்காசு கொடுக்காமல் வாங்கியிருந்தால்கூட லாட்டுக்கு 2,88,400 ரூபாய் கையிலிருந்து கட்ட வேண்டும்.

கேள்வி: அது எக்ஸ்சேஞ்ச் செய்த அநியாயம். ஆப்பை மாற்றினால் தப்பித்திருக்க முடியுமா?

பதில்: நியூயார்க் விலையில் முடிப்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஆனால் மூடிய சந்தையில் விற்க வழியில்லாமல் மாட்டியவர்களின் ஆதங்கம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: எக்ஸ்பைரிக்கு எத்தனை நாள் முன்னால் பொசிஷனை (கையிலுள்ள ஒப்பந்தத்தை) மூடச் சொல்வார்கள், நாம் மூடாவிட்டால் அவர்களே மூடுவார்களா என்று கணக்குத் தொடங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குவது. தங்கத்தில் டெலிவரி (பொருளையே கொடுத்து வாங்குவது) கட்டாயம் என்பதால் அங்கேயும் இதைக் கேளுங்கள்.

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் போட்டிருக்கிறேன். எம்சிஎக்ஸில் விற்கலாமா?

பதில்: மஞ்சளுக்கு என்சிடிஇஎக்ஸ் என்ற வேறொரு கமாடிட்டி சந்தை. லாட் 5 டன், விலைக்கு அடிப்படை நிஜாமாபாத். உங்கள் புரோக்கர் அங்கும் உறுப்பினரா என்று பாருங்கள்.

கேள்வி: எந்த ஆப் நல்லது என்று ஒரே வரியில் சொல்லுங்களேன்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஐஎன்இசட்.

கேள்வி: 14,000 கேட்டவன்தான் ஐயா. எஸ்எம்எஸ் எதுவும் வரவில்லை. பணம் எடுக்க முதலில் வரி கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள் தம்பி. பணம் அனுப்பிய யுபிஐ விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு இப்போதே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.