வாசகர் கேள்விகள்: பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஏர்

கேள்வி: தாத்தா வாங்கிய புன்செய் நிலத்தின் கிரயப் பத்திரத்தில் 32 சென்ட் என்று இருக்கிறது. பட்டாவிலோ பரப்பு ‘0 - 13.00’ என்று இருக்கிறது. மீதி 19 சென்ட் எங்கே போயிற்று? பங்காளிகளுக்குள் பேச்சு தடித்துவிட்டது. (வாசகர், மன்னார்குடி)

பதில்: நிலம் எங்கும் போகவில்லை, தயவுசெய்து இதற்காக யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டாம். பட்டாவில் பரப்புக் கட்டத்தின் தலைப்பில் ‘ஹெக் - ஏர்’ என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். இடப்பக்கம் உள்ளது ஹெக்டேர், வலப்பக்கம் உள்ளது ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.471 சென்ட். ஆகவே 13 ஏர் என்பது 32.12 சென்ட்.

மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956இல் நிறைவேறி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வருவாய்த்துறைப் பதிவேடுகள் ஹெக்டேருக்கு மாறின. மக்களின் பேச்சும் பத்திரமும் ஏக்கர், சென்ட்டிலேயே நின்றன. அந்தப் பழைய அளவுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. 1620இல் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் வகுத்த நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் 43,560 சதுர அடி கொண்ட ஓர் ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்கான சென்ட், சரியாக 1,000 சதுர லிங்க், அதாவது 435.6 சதுர அடி.

இனி, அந்த 0.12 சென்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 32 சென்ட்டை ஏராக மாற்றினால் 12.95 வரும், அதை 13 என்று முழுமையாக்கி எழுதியிருக்க வேண்டும். வித்தியாசம் ஏறத்தாழ 54 சதுர அடி. இதைக் கூடுதல் நிலம் என்று எண்ணி யாரும் வேலியைத் தள்ளிப் போடக்கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பட்டாவிலுள்ள எண்ணை மீண்டும் சென்ட்டாக்கி, அதையே புதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதினால், எழுத்தில் பிறந்த 54 சதுர அடி அண்டை வீட்டாருடன் வழக்காக வளர்ந்து நிற்கும். பத்திரத்தின் நான்கு எல்லைகளையும் புல வரைபடத்தின் பக்க அளவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவை பொருந்தாவிட்டால் அளந்து காட்டும்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். புதிய பத்திரத்தில் இரண்டு அளவுகளையும் அருகருகே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் வாங்கவிருக்கும் அடுக்குமாடி வீட்டின் உட்பரப்பு 62 சதுர மீட்டர் என்கிறார்கள். ஒரு மீட்டர் 3.28 அடி என்பதால் பெருக்கிப் பார்த்தேன். 203 சதுர அடிதான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா? (வாசகி, தாம்பரம்)

பதில்: 3.28 என்பது நீளத்துக்கு உரிய எண். பரப்பில் நீளமும் அகலமும் இருப்பதால் அதை இருமுறை பெருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. உங்கள் வீடு 667 சதுர அடி. தசமத்தைச் சுருக்கி 10.7ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 4 சதுர அடி குறையும். சதுர அடி 7,000 ரூபாய் என்றால் அது 28,000 ரூபாய். முழுமையாக்குவதைக் கடைசி விடையில் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: “காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால் அழையுங்கள்” என்றார் மருத்துவர். எங்கள் டிஜிட்டல் வெப்பமானி 38.2 என்று காட்டுகிறது. குழந்தைக்கு நான்கு வயது. என்ன செய்வது? (வாசகி, ஈரோடு)

பதில்: மருத்துவர் சொன்னது ஃபாரன்ஹீட், வெப்பமானி காட்டுவது செல்சியஸ். 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்டினால் 100.8 வரும். வெப்பமானி 38.4ஐத் தொட்டால் 101ஐத் தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள். “அரை டிகிரி ஏறியிருக்கிறது” என்பது போன்ற ஏற்ற இறக்கத்துக்கு 32ஐக் கூட்டக்கூடாது. செல்சியஸில் அரை டிகிரி ஏறினால் ஃபாரன்ஹீட்டில் 0.9 ஏறும், அவ்வளவுதான்.

இயல்பான உடல் வெப்பம் 98.6 என்பதும் இப்படி மாற்றியதில் வந்த எண்ணே. ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஹ் 1868இல் வெளியிட்ட ஆய்வில் சொன்னது 37 டிகிரி செல்சியஸ். அது ஃபாரன்ஹீட்டுக்கு மாறியபோது ஒட்டிக்கொண்ட தசமத்தை நம்பி, 98.9 கண்டதுமே காய்ச்சல் என்று பதற வேண்டாம். ஆனால் எண் எதுவாயினும் குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் இருந்தாலே காத்திருக்கக்கூடாது.