சத்தமே இல்லாத வெப்காமிக்ஸில் இசையை எப்படிக் கொண்டு வந்தீர்கள்?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. நான் முதலில் வரைந்த வெப்காமிக்ஸ் (இணையப் படக்கதை) எல்லாம் நாயனத்தையும் (நாதஸ்வரம்) தவிலையும் சுற்றியே இருந்தது ஏன்? அவற்றை எப்படி, எதை வைத்துச் செய்தேன்?

முதலாவதற்குப் பதில் சின்னது. மயிலாடுதுறைப் பக்கம் வளர்ந்தவன் நான். கோயில் மேளம் காதில் விழுந்துகொண்டே இருக்கும் தெரு. ஓவியம் முறையாகப் படித்ததில்லை, சங்கீதமும் கற்றுக்கொண்டதில்லை. சாமி புறப்பாட்டுக்குப் பின்னாலேயே நடந்து கேட்டதுதான் எல்லாம். இரண்டாவதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை.

காமிக்ஸில் பாட்டு என்றால் வழக்கமாக மேற்கத்திய இசைக்குறிகள் காற்றில் மிதக்கும். நாயனத்திலிருந்து அப்படிக் குறிகள் பறந்து வருவதாக வரைய எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி தேடியபோது பிடிபட்டது இதுதான்: படக்கதையில் நேரம் ஓடுவது கட்டங்களின் வரிசையில்; தாளமும் நேரத்தைக் கட்டம் கட்டமாகத்தான் வெட்டுகிறது. அப்படியானால் பக்கத்தின் அமைப்பையே தாளமாக வைத்துவிடலாமே?

ஆதி தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் சேர்ந்து லகு, நான்கு. அப்புறம் தட்டு, வீச்சு (கையைத் திருப்பிப் போடுவது); தட்டு, வீச்சு என்று இரண்டு திருதம். இதை அப்படியே எட்டுக் கட்டங்களாக வைத்தேன். மேல் வரிசையில் நான்கு கட்டம் லகு. கீழ் வரிசையிலும் நான்கு, ஆனால் நடுவில் கொஞ்சம் அகலமான வெள்ளை இடைவெளி. அது இரண்டு திருதத்தையும் பிரித்துக் காட்டும். எல்லாக் கட்டமும் ஒரே அகலம். இதில் நான் ரொம்பக் கறாராக இருந்தேன். கட்டம் அகலமானால் படிப்பவரின் கண் அங்கே கூடுதல் நேரம் நிற்கும், தாளம் போய்விடும். தட்டு விழும் கட்டத்தில் கறுப்பு மையை நிறைய அப்பினேன். வீச்சு சத்தமில்லாதது என்பதால் அந்தக் கட்டத்துக்குச் சுற்றுக்கோடே போடாமல் திறந்து விட்டேன். தாளம் தெரியாதவர்கூட அந்தக் கறுப்பையும் வெள்ளையையும் பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு துடிப்பை உணர்வார் என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

இந்த முறையில் வரைந்த முதல் கதைக்கு மல்லாரியைத் தேர்ந்தெடுத்தேன். சாமி புறப்படும்போது வாசிப்பது. கம்பீர நாட்டை ராகம். பாட்டு வரிகள் கிடையாது, அதனால் என் கதையிலும் வசனம் கிடையாது. மல்லாரியை மூன்று காலத்தில், அதாவது ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும் வேகத்தில், வாசிப்பார்கள் என்பதுதான் எனக்குக் கிடைத்த பெரிய வரம். முதல் காலத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) எட்டுக் கட்டம். இரண்டாம் காலத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் நெடுக்காக இரண்டாக வெட்டினேன், பதினாறு. மூன்றாம் காலத்தில் 32. திரை அகலம் 800 பிக்சல். முதல் காலத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 200 பிக்சல், அதில் முழு ஆளையே வரையலாம். நாயனக்காரர் ஊதும் சீவாளியை வாயில் வைத்து நனைப்பது, ஒரே சுரத்தை விடாமல் பிடிக்கும் ஒத்து ஊதுபவரின் கன்னம், தீவட்டி. மூன்றாம் காலத்தில் கிடைப்பது 50 பிக்சல்கூட இல்லை. அந்த ஒடுக்கத்தில் முகத்துக்கு இடமில்லை. தவிலின் வலது முகமான வலந்தலையில் விழும் ஒரு விரல் கூடு, இடது முகமான தொப்பியில் குச்சியின் நுனி, நாயனத்தின் அடியில் விரியும் அணசின் விளிம்பு, அவ்வளவுதான். வேகம் கூடக் கூட ஆள் மறைந்து வாசிப்பு மட்டும் மிஞ்சுகிறது. கோயில் வாசலில் நிற்கும்போதும் அப்படித்தானே இருக்கும்? வேகத்தைக் காட்டும் கோடுகள் ஒன்றுகூட அந்தக் கதையில் இல்லை.

கடைசி ஆவர்த்தனத்துக்கு ஒரு தீர்மானம், அதாவது மூன்று முறை சொல்லி முடிக்கும் தாள முத்தாய்ப்பு, தேவைப்பட்டது. எங்கள் தெருவில் இருந்த தவில் வித்வான் ஒருவரிடம் கேட்டேன். பத்து எழுத்துச் சொல்லை மூன்று தடவை சொல்லி, நடுவில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (சொல்லில்லாத இடைவெளி) விட்டால் முப்பதும் இரண்டும் 32, சரியாகச் சமத்துக்கு (தாளம் தொடங்கும் தட்டுக்கு) வந்துவிடும் என்றார். 'தாதிகிணதொம்' ஐந்து எழுத்து; இரண்டு முறை சொன்னால் பத்து. மூன்றாம் காலப் பக்கத்திலும் 32 கட்டம்தான் இருந்தது! எழுத்துக்கு ஒரு கட்டமாக வரைந்து, கார்வை வரும் 11-ஆவது, 22-ஆவது கட்டங்களை மட்டும் வெறும் வெள்ளையாக விட்டேன்.

அந்தத் தாளை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொடையில் தாளம் போட்டபடி, இன்னொரு கை விரலைக் கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டே வந்தார். முதல் வெள்ளைக் கட்டத்தில் விரல் நின்றது.

"என்ன தம்பி, இது காலியா இருக்கு?"

"கார்வை ஐயா."

"ஓ. அப்ப சரி."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை வாயாலும் சொன்னார். வெள்ளைக் கட்டங்களில் வாயை மூடி விரலை மட்டும் நகர்த்தினார். 32-ஐத் தாண்டியதும், வாகனத்தில் சாமி கோபுர வாசலைக் கடந்து வெளியே வரும் பெரிய படம், முழு 800 பிக்சலுக்கும். அவர் தட்டும் விரலும் ஒன்றாக அங்கே விழுந்தன. யாரோ என் படத்தை வாசித்தார்கள் என்று சொல்ல முடிந்தது அன்றைக்குத்தான்.

சுருதியை எப்படிக் காட்டுவது என்பது தனிப் பாடு. ஒத்து நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதற்காக எல்லாக் கட்டங்களிலும் ஒரே உயரத்தில் ஒரு கிடைக்கோடு விடாமல் ஓடும்படி வைத்தேன். ஒரு கட்டத்தில் அது மதில் சுவரின் விளிம்பு, அடுத்ததில் குளத்தின் தண்ணீர்மட்டம், அதற்கடுத்ததில் மின்கம்பி. பொருள் மாறும், உயரம் மாறாது. அதைக் கவனித்துச் சொன்ன வாசகர்கள் குறைவு. ஆனால் ஒரு கட்டத்தில் கோடு தப்பினால் 'ஏதோ இடிக்கிறது' என்று எல்லோருக்குமே தோன்றும்.

ராகத்துக்கு நிறம் கொடுப்பதை நான் செய்யவில்லை. பூபாளம் என்றால் ஆரஞ்சு, நீலாம்பரி என்றால் நீலம் என்று பூசுவது சுலபம். கேட்ட அனுபவத்தில் ஒன்றையும் அது சொல்வதில்லை. கோட்டின் அசைவில் சொல்லலாம். தோடி ராகத்தின் காந்தாரம் ('க' சுரம்) ஒரு இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். நாயன மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே, இரவு வீதியுலாவை பேனாவைத் தவிர்த்துத் தூரிகையால் மட்டும் வரைந்தேன். மடிப்பு, புகை, மாலை எல்லாவற்றிலும் கோடு தடித்து மெலிந்து தடித்துப் போகும். அந்தக் கதையில் நேர்கோடு என்று இருப்பது சுருதிக்கோடு ஒன்றுதான்.

கருவிகள் சாதாரணம். ஏ4 தாள், வெளிர்நீலப் பென்சில், இந்தியன் இங்க், ஒரு பழைய ஸ்கேனர், ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருள். நீலப் பென்சிலால் வரைந்து மேலே மையிட்டு, வண்ணத்தில் ஸ்கேன் செய்து நீலச் சேனலை மட்டும் வைத்துக்கொண்டால் பென்சில் கோடு வெள்ளையோடு கரைந்துவிடும், அழிரப்பர் தொடவே வேண்டாம். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுப்பேன். ஏ4 அகலம் அதில் ஐயாயிரம் பிக்சலை ஒட்டி வரும். அது 800-க்குச் சுருங்கும்போது அரை மில்லிமீட்டர் கோடு இரண்டு பிக்சலாகிவிடும். அதைவிட மெல்லியது மங்கிப் போகும். எனவே தாளில் பார்க்க முரட்டுத்தனமாகத் தெரியும் கோடுதான் திரையில் சரியாக வரும்.

எழுத்து விஷயத்தில்தான் அதிகம் அல்லாட வேண்டியிருந்தது. அப்போது எல்லோரும் பயன்படுத்திய ஒரு படத்தொகுப்பு மென்பொருளில் யூனிகோட் தமிழ் உடைந்துவிடும், 'தொம்' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஜிம்ப்பில் அந்தச் சிக்கல் இல்லை, தலைப்பையும் குறிப்புகளையும் அதிலேயே அடித்தேன். 'தாதிகிணதொம்' போன்ற தவில் சொற்கட்டுகளை மட்டும் கையாலேயே எழுதினேன். 'தா' நீண்டு கட்டத்தின் மேல்விளிம்பைத் தொடும், 'கி' ஒடுங்கி மூலையில் நிற்கும், 'தொம்' அடியில் கனமாக உட்காரும். எழுத்துருவில் இது வராது.

படத்தோடு ஆடியோவையும் சேர்த்துவிடலாமே என்று நிறையப் பேர் கேட்டார்கள். சேர்த்தால் படிப்பவர் தன் வேகத்தில் போக முடியாது. ஒலியின் பின்னால் ஓட வேண்டும். தாளம் அவருக்குள்ளேயே விழ வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

இப்போது மிஸ்ர சாபு தாளத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். மூன்றும் நான்கும் ஏழு. செல்போனில் மேலிருந்து கீழே தள்ளிப் படிப்பவர்களுக்காக, மூன்று கட்டம், ஒரு இடைவெளி, நான்கு கட்டம் என்று செங்குத்தாக. கருவி மட்டும் மாறியிருக்கிறது, கிருட்டா என்ற வரைகலை மென்பொருளில் வரைகிறேன். சொற்கட்டு எழுதுவது இன்னும் தாளில்தான்.