ஆஸ்துமாவா, சிஓபிடியா? ஊதிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. முப்பது வருடம் புகைத்தவர். மாடியேறினால் மூச்சு வாங்குகிறது, காலையில் சளி. ஒரு மருத்துவர் ஆஸ்துமா என்றார். இன்னொருவர் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்கிறார். இரண்டுக்கும் இன்ஹேலர்தானே, எதுவாக இருந்தால் என்ன?

பதில்: இன்ஹேலருக்குள் இருக்கும் மருந்து வேறு. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்கும், பிறகு விரியும். இடையில் ஆள் நன்றாகவே இருப்பார். இரவிலோ விடியற்காலையிலோ இருமல் எழுப்பும். பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கும், ஒவ்வாமையும் கூடவே இருக்கும். சிஓபிடி பொதுவாக நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, புகையால் வருவது. விறகடுப்புப் புகையும் இதில் சேர்த்தி. காற்றறைகள் சிதைந்துவிடுவதால் பழைய நிலை திரும்பாது; மூச்சுத்திணறல் வருடக்கணக்கில் மெல்லக் கூடும்.

அப்பாவின் அறிகுறிகள் சிஓபிடி பக்கம் சாய்கின்றன. ஆனாலும் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் பரிசோதனை, செய்யாமல் முடிவுகட்டக் கூடாது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம் உறிஞ்சவைத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போதும் முதல் நொடியில் வெளிவரும் காற்று, முழுதாக ஊதிய அளவில் 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் சிஓபிடி. அந்த முதல் நொடி அளவு, மருந்துக்கு முன் இருந்ததைவிட 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்குச் சான்று; ஆனால் சில சிஓபிடி நோயாளிகளுக்கும் இப்படிக் கூடும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. பரிசோதனைக்கு முன் எந்த இன்ஹேலரை எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சால்பியூட்டமாலுக்குக் குறைந்தது 4 மணி நேரம்.

ஆஸ்துமாவுக்கு அடிப்படை, உறிஞ்சும் ஸ்டீராய்டு. அது இல்லாமல் நீண்டநேரம் வேலை செய்யும் விரிப்பான் மருந்தை மட்டும் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. சிஓபிடிக்கு அந்த விரிப்பான்கள்தான் முதல் மருந்து. அடிக்கடி நோய் திடீரென முற்றுபவர்களுக்கும், ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 300க்கு மேல் இருப்பவர்களுக்கும்தான் ஸ்டீராய்டு நன்றாகப் பலன் தரும். மற்றவர்களுக்கு நிமோனியா அபாயத்தைக் கூட்டும். அதற்காக இப்போது போடுவதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்துமாவும் கலந்திருந்தால் ஸ்டீராய்டு கட்டாயம்.

ஆக்சிஜனிலும் கவனம் தேவை. சிஓபிடி திடீரென முற்றும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் போதும். 98க்கு ஏற்ற வேண்டும் என்று சிலிண்டரைத் திறந்துவிட்டால் கரியமில வாயு தேங்கி, ஆள் மயக்க நிலைக்குப் போகலாம். பேச முடியாத திணறல், உதடு நீலமாதல், குழப்பம் இருந்தால் உடனே மருத்துவமனைதான்.

சிகரெட் இன்னும் தொடர்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சிஓபிடியின் வேகத்தைக் குறைப்பதில் அதை நிறுத்துவதற்கு ஈடான இன்ஹேலர் கிடையாது.