ஒரே இட்லி, இருவருக்கு இரண்டு சர்க்கரை அளவு

"நானும் வீட்டுக்காரரும் அதே மூன்று இட்லிதான் சாப்பிட்டோம். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை அவருக்கு 130, எனக்கு 190. குடல் பாக்டீரியாதான் காரணமா, புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓரளவு காரணமாக இருக்கலாம் சகோதரி. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் 800 பேருக்கு ஒரு வாரம் சர்க்கரையை அளந்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே உணவு ஒருவருக்குச் சர்க்கரையை எகிற வைத்தது, இன்னொருவருக்கு அசையவே இல்லை. குடல் பாக்டீரியா விவரத்தையும் சேர்த்துக் கணித்தபோது, யாருக்கு எது ஏற்றும் என்று நன்றாகவே சொல்ல முடிந்தது. ஆனால் உடல் எடை, தூக்கம், இன்சுலின் வேலை செய்யும் விதம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

நார்ச்சத்து நமக்குச் செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியாதான் அதைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக்கும். அவை ஜிஎல்பி-1 ஹார்மோன் சுரப்பைத் தூண்டும். அது இன்சுலினுக்குக் கைகொடுக்கும். மாத்திரைக்குக் கொடுக்கும் காசைக் காய்க்கடையில் கொடுக்கலாம் என்பேன். இட்லியை இரண்டாக்கி, காய் நிறையப் போட்ட சாம்பார், சுண்டல் சேருங்கள். (இட்லி மாவே புளித்ததுதானே, அதில் நல்ல பாக்டீரியா இருக்குமே என்றால், அது ஆவியிலேயே செத்துவிடும்.) நார்ச்சத்தை மெதுவாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

அப்புறம், அந்த 190 அடிக்கடி வருகிறதா? எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.