பதில்: 'கேஷ்' தமிழ்ச் சொல்தானா? டீச்சர் தப்பு என்கிறாரே

தக்கலை நண்பருக்கு,

பாட்டியின் பெட்டியில் கிடைத்த திருவிதாங்கூர் செப்புக்காசில் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இருந்ததைப் பார்த்து, அந்தச் சொல்லே நம் 'காசு'தான் என்று மகள் ப்ராஜெக்டில் எழுதினாள், டீச்சர் மார்க்கைக் குறைத்துவிட்டார் என்கிறீர்கள். இரண்டு பேர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது.

ஒரே ஸ்பெல்லிங்கில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் 'காப்சா'விலிருந்து இத்தாலி, பிரான்ஸ் பக்கமாக வந்தது. முதலில் பணப்பெட்டி, அப்புறம் அதற்குள் இருக்கும் பணம். மருந்துக்கடை கேப்ஸ்யூலும் இதே குடும்பம்தான்!

உங்கள் நாணயத்தில் இருப்பது மற்ற கேஷ். அது நம் காசேதான். போர்ச்சுகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி, ஆங்கிலத்துக்குள் போனது. சீனாவின் நடுவில் ஓட்டை போட்ட காசுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். நம் பக்கம் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த காலத்தில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். இந்தக் கணக்கையும் ப்ராஜெக்டில் சேர்க்கச் சொல்லுங்கள், ஜோராக இருக்கும்.

ஒரு வரியை மாற்றினால் போதும்: "கேஷ் என்ற நாணயப் பெயர் தமிழிலிருந்து போனது, ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ் வேறு." பெரிய ஆங்கில அகராதிகளில் 1, 2 என்று தனித்தனியாகவே போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை டீச்சரிடம் காட்டலாம்.

அப்புறம், நாணயத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்பு குறைந்துவிடும்.