நடுவில் தண்டு நிற்கும் பழைய பித்தளை ஹோல்டர்: அறுக்கவும் வேண்டாம், 230 வோல்ட் கொடுக்கவும் வேண்டாம்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறாள். அங்கே ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய பித்தளை மேசை விளக்கை இந்த முறை கொண்டுவந்திருக்கிறாள். ஹோல்டரின் பக்கவாட்டில் சாவி மாதிரி ஒரு திருகு இருக்கிறது. உள்ளே பார்த்தால் ஸ்க்ரூ பல்புக்கான மரை இல்லை, நம் ஊர் பின் பல்பு மாட்டும் வெட்டும் இல்லை. நடுவில் மரை போட்ட சின்னத் தண்டு ஒன்று மட்டும் நிற்கிறது. எந்தப் பல்பும் பொருந்தவில்லை. எலக்ட்ரீஷியன், “அறுத்து எடுத்துவிட்டுப் பின் டைப் ஹோல்டர் போட்டுத் தருகிறேன்” என்கிறார். போடலாமா? இது என்ன ஹோல்டர்? (மதுரை வாசகர்)

பதில்: அறுக்க விடாதீர்கள். உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வதில் ஒரு பாதி சரி: அந்த ஹோல்டரில் நம் வீட்டு 230 வோல்ட்டைக் கொடுக்கக் கூடாது. ஆனால் அதற்காக அதை அறுக்க வேண்டியதில்லை. அதே ஹோல்டரை 12 வோல்ட்டில் எரிய வைக்கலாம். அது வேண்டாமென்றால் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு வேறு ஹோல்டர் போடலாம். இரண்டுக்கும் வழி சொல்கிறேன். அதற்குமுன் கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தபிறகு அதன்மேல் ரம்பம் வைக்க உங்களுக்கே மனம் வராது.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் தாம்சன்-ஹூஸ்டன் வகை ஹோல்டருக்கு உரியவை. பிலடெல்பியாவில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த எலிஹு தாம்சன், எட்வின் ஹூஸ்டன் இருவரின் பெயரைத் தாங்கிய கம்பெனி அது. 1883 முதல் அதன் தொழிற்சாலை மாசசூசெட்ஸில் லின் நகரத்தில் இயங்கியது. விளக்கு அந்த மாநிலத்திலேயே கிடைத்திருப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. இந்த வகையில் பல்பின் அடிப்பாகத்து நடுவில் உள்மரை போட்ட பித்தளைக் குழி இருக்கும். அதை ஹோல்டரின் தண்டில் வைத்துத் திருகுவார்கள். மின்சாரத்தின் ஒரு முனை தண்டு வழியாகப் போகும். பல்பு இறுகும்போது அதன் அடியிலுள்ள வெளிவளையம் ஹோல்டரின் இன்னொரு தகட்டில் அழுந்தும். மறுமுனை அதுதான். டார்ச் அடித்துப் பாருங்கள். தண்டைச் சுற்றிச் சற்றுத் தள்ளி ஒரு பித்தளை வளையமோ வளைந்த தகடோ தெரிந்தால் சந்தேகமே இல்லை.

ஏன் இப்படி ஒரு வடிவம் என்று கேட்கலாம். மின்விளக்கின் முதல் ஆண்டுகளில் ஹோல்டர் என்றொரு பொருளே கிடையாது. 1879 கடைசியில் எடிசன் தன் ஆய்வுக்கூடம் இருந்த மென்லோ பார்க்கில் விளக்குகளை எரித்துக் காட்டியபோது, பல்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பிகளைத் திருகாணியில் மாட்டி முடுக்கினார்கள். 1880இல் கொலம்பியா என்ற நீராவிக் கப்பலில் மின்விளக்கு போட்டபோதும் கம்பி முனைகள்தான். ஆய்வுக்கூடத்தில் இது போதும். வீட்டுக்குப் போதாது. கார்பன் இழை பல்பு சில நூறு மணி நேரத்தில் போய்விடும், அப்போதெல்லாம் கம்பெனி ஆள் வந்து கம்பி முடுக்கிக்கொண்டிருக்க முடியாது. மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர், கம்பியைத் தொடாமல், ஒரே கையால் பல்பை மாற்ற வேண்டும். இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தத்தம் இடத்தில் போய்ச் சேர வேண்டும். பல்பு தானாகக் கழன்று விழவும் கூடாது.

எடிசன் குழு இதற்கு மரையைப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் டப்பாவின் திருகுமூடியைப் பார்த்து அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. யோசனை எப்படி வந்திருந்தாலும் அதைச் செய்து முடித்தது லேசான வேலையாக இல்லை. முதல் அடிப்பாகங்கள் மரத்தில் செய்யப்பட்டவை. மரைக்கூடு ஒரு முனை, அதற்கு மேலே பல்புப் பக்கமாகச் சரிவான ஒரு வளையம் இன்னொரு முனை. பிறகு 1881 வாக்கில் மரத்துக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வார்த்தார்கள். அங்கேதான் சிக்கல். பல்பை இறுக்கித் திருகும்போது மரை கீழ்நோக்கி இழுக்கும், மேலே உள்ள வளையம் ஹோல்டரின் விளிம்பில் முட்டிக்கொண்டு நகராது. இழுவிசை முழுவதும் நடுவில் இருக்கும் பிளாஸ்டரின் மேல் விழும். பிளாஸ்டர் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பல்புகள் அடியோடு பிளந்து கையில் வந்தன. அதனால் மேல் வளையத்தை எடுத்துவிட்டு, இரண்டாவது முனையை அடிப்பாகத்தின் கீழ்நுனியில் ஒரு பொட்டாக வைத்தார்கள். இப்போது இறுக்க இறுக்க அழுத்தம்தான் கூடும், இழுவை இல்லை. இன்று கடையில் வாங்கும் எந்த ஸ்க்ரூ பல்பைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் அந்தப் பொட்டு இருக்கும். பிளாஸ்டர் உடைந்ததால் கிடைத்த வடிவம் அது. பல்பைவிட இந்தச் சின்ன அடிப்பாகத்தில்தான் அந்தக் காலத்துப் பொறியியலின் அருமை தெரிகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் வேறு வழியில் போனார். அவருடைய ஆரம்பகால பல்புகளின் அடியில் இரண்டு சின்ன பிளாட்டினம் வளையங்கள் இருக்கும். ஹோல்டரிலுள்ள இரண்டு கொக்கிகள் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், ஒரு சுருள்வில் பல்பைத் தள்ளிப் பிடித்து கொக்கிகளை இறுக்கமாக வைக்கும். 1883இல் எடிசன், ஸ்வான் இருவரின் பிரிட்டிஷ் கம்பெனிகளும் ஒன்றாயின. அந்தப் பத்தாண்டுகளுக்குள் அங்கே பின் டைப் வந்து நிலைத்தது. அழுத்தித் திருப்பினால் இரண்டு பக்கக் காதும் வெட்டில் போய் உட்காரும், அடியில் இரண்டு வில் முனைகள் பல்பைத் தொடும். பிரிட்டிஷ் ஆட்சி வழியாக நம் வீடுகளுக்கும் இலங்கைக்கும் வந்தது இதுதான். பின் டைப்பில் வெளிக்கூட்டுக்கு மின்சாரத்தோடு சம்பந்தமில்லை, ஸ்க்ரூ டைப்பில் மரைக்கூடே ஒரு முனை. இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். பின்னால் உங்களுக்கு வேண்டும்.

அமெரிக்காவில் எடிசனோடு போட்டியிட்ட கம்பெனிகளுக்கு அவருடைய வடிவத்தை அப்படியே எடுக்கக் காப்புரிமை இடம் தரவில்லை. தங்கள் ஹோல்டர் மாட்டிய வீடு தங்கள் பல்பையே வாங்கும் என்ற வியாபாரக் கணக்கும் இருந்தது. வெஸ்டிங்ஹவுஸ் நேராகச் செருகும் வகையை வைத்திருந்தது. தாம்சன்-ஹூஸ்டன் மரையை வெளிக்கூட்டிலிருந்து எடுத்து நடுத்தண்டுக்குக் கொண்டுபோனது. 1892இல் எடிசன் கம்பெனியும் தாம்சன்-ஹூஸ்டனும் இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆனபிறகும் பழைய ஹோல்டர்கள் சுவர்களில் அப்படியே இருந்தன. 1900 வாக்கில் அமெரிக்காவில் புழங்கிய பல்புகளில் ஏறத்தாழ 70 சதவீதம் எடிசன் மரை, 15 சதவீதம் வெஸ்டிங்ஹவுஸ், 10 சதவீதம் தாம்சன்-ஹூஸ்டன். எல்லாரையும் எடிசன் மரைக்குக் கொண்டுவர, தண்டில் மாட்டினால் மரை ஹோல்டராக மாறும் சின்ன அடாப்டர்களைப் பரப்பினார்கள். அந்த அடாப்டர்தான் உங்கள் விளக்குக்கும் தேவை. உங்கள் ஹோல்டர் 1880களின் நடுப்பகுதிக்கும் 1900களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டதாக இருக்கும்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். எடிசனின் நேர்மின்சாரம் 110 வோல்ட். தாம்சன்-ஹூஸ்டனும் வெஸ்டிங்ஹவுஸும் கொடுத்த ஆரம்பகால மாறுமின்சாரம் வீட்டுக்குள் 50 வோல்ட்டை ஒட்டியே இருந்தது. உங்கள் ஹோல்டருக்குள் முனைகளுக்கு இடையே விட்ட இடைவெளியும், பித்தளைக் கூட்டுக்கு உள்ளே வைத்த அட்டைக் காப்பும் அந்த அளவுகளுக்கானவை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த அட்டை உலர்ந்து பொடியாகியிருக்கும். பல்பு இல்லாதபோது தண்டு திறந்தே நிற்கிறது. குழந்தையின் விரல் சுலபமாகப் போகும். பக்கவாட்டுச் சாவி இரண்டு கம்பியில் ஒன்றை மட்டும்தான் துண்டிக்கும், அது நியூட்ரலாக அமைந்துவிட்டால் சாவியை அணைத்தபிறகும் ஹோல்டருக்குள் ஃபேஸ் இருக்கும். இவ்வளவையும் சுமந்து நிற்பது உடம்பெல்லாம் பித்தளையான, எர்த் இல்லாத ஒரு விளக்கு. இதில் 230 வோல்ட்டுக்கு இடமே இல்லை. அடாப்டர் போட்டாலும் இல்லை.

12 வோல்ட் என்றால் கதை வேறு. அந்தக் காலத்து 16 மெழுகுவத்தி வெளிச்ச பல்பு ஏறத்தாழ 50 வாட் எடுத்தது. 110 வோல்ட்டில் அது அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு, 50 வோல்ட்டில் ஒரு ஆம்பியர். இப்போது நீங்கள் 12 வோல்ட் 5 வாட் எல்இடி பல்பு போட்டால் ஓடுவது 0.4 ஆம்பியர்தான். ஹோல்டர் எந்த அளவு மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டதோ அதற்குள்ளேயே வேலை செய்கிறது, ஆளைத் தாக்கும் அளவுக்கு வோல்ட்டும் இல்லை, சூடும் பொருட்டல்ல. சாவியைத் திருப்பி அணைக்கும் சுகமும் உங்களுக்குக் கிடைக்கும். அதனால் நான் சிபாரிசு செய்வது இந்த வழியைத்தான்.

மகளிடம் சொல்லி, தாம்சன்-ஹூஸ்டன் ஹோல்டரை எடிசன் மரைக்கு மாற்றும் பழைய அடாப்டரை அங்கேயே தேடச் சொல்லுங்கள். பழைய பல்பு சேகரிப்பவர்களிடம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் தண்டின் மரையை அளந்து பித்தளையில் கடைந்து தரச் சொல்லலாம். அந்த மரை நம் மெட்ரிக் அளவில் இருக்காது. கையில் கிடைத்த நட்டை வைத்து முடுக்கினால் தண்டின் மரை வழுக்கிவிடும், பிறகு சரிசெய்ய முடியாது.

ஸ்க்ரூ அடியுள்ள 12 வோல்ட் எல்இடி பல்பை சோலார் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். மின்சாரத்துக்கு சிசிடிவி கேமராவுக்குப் போடும் 12 வோல்ட் பவர் அடாப்டர் போதும் (மேலே சொன்ன மரை அடாப்டர் வேறு, இது வேறு), ஒரு ஆம்பியருக்குக் குறையாமல், பிஐஎஸ் முத்திரை பார்த்து வாங்குங்கள். 230 வோல்ட் அந்த அடாப்டரோடு சுவரிலேயே நின்றுவிடும், விளக்குக்குள் வராது. விளக்கின் உள்ளே இருக்கும் பழைய துணிச்சுற்று ஒயரை எடுத்துவிடுங்கள், அதன் ரப்பர் தொட்டாலே உதிரும். புது ஒயரின் நுனியைப் பழைய ஒயரில் கட்டி இழுத்தால் குழாய்க்குள் சுலபமாக வந்துவிடும். இழுக்கும்போது சிக்கினால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள், உள்ளே உலோக விளிம்பு கூராக இருக்கலாம்.

குறைந்த வோல்ட்டில் ஒரு தொல்லை உண்டு. 230 வோல்ட் களிம்பேறிய தகட்டையும் தாண்டிப் பாய்ந்துவிடும், 12 வோல்ட் தாண்டாது, பல்பு மினுக்கும். அதனால் தண்டையும் வளையத்தையும் சாவியின் உள்தகட்டையும் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம். ஒயர் மாட்டிய பிறகு, அடாப்டரைச் சுவரில் செருகும் முன் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, தண்டுக்கும் விளக்கின் உடம்புக்கும், பிறகு வளையத்துக்கும் உடம்புக்கும் இடையே பாருங்கள். இரண்டிலும் ‘பீப்’ வரக் கூடாது. வந்தால் உள்காப்பு போய்விட்டது, கூட்டைக் கழற்றிப் புது ஃபைபர் தாள் சுருட்டி வையுங்கள். பல்பு எரியவே இல்லையென்றால் இரண்டு ஒயரையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். சில எல்இடி பல்புகளுக்கு பிளஸ், மைனஸ் சரியாக இருக்க வேண்டும்.

இல்லை, 230 வோல்ட்தான் வேண்டும் என்றால் பழைய ஹோல்டரை முழுசாகக் கழற்றுங்கள். அது அடியில் குழாய் மரையில்தான் திருகியிருக்கும், அறுக்கத் தேவையே வராது. அந்த இடத்தில் புதிய பீங்கான் ஹோல்டர் போட்டு, மூன்று கம்பி ஒயர் இழுத்து, பித்தளை உடம்புக்கு எர்த் கொடுத்து, மூன்று பின் பிளக் மாட்டச் சொல்லுங்கள். இந்த இடத்தில் உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்ன பின் டைப்பே நல்லது. ஸ்க்ரூ டைப் போட்டால் ஃபேஸ் கட்டாயம் அடியிலுள்ள பொட்டுக்கும், நியூட்ரல் மரைக்கூட்டுக்கும் போக வேண்டும். மாறிப்போனால் பல்பைத் திருகும் கையருகே மரைக்கூடு முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். இரண்டு பின் பிளக்கை நம் வீடுகளில் எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகிவிடுகிறோம், அதனால் ஸ்க்ரூ டைப் மேசை விளக்குக்கு அது ஆகவே ஆகாது. பின் டைப்பில் கூடு மின்பாதையில் இல்லாததால் இந்த அபாயம் குறைவு. எது போட்டாலும் அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய ஹோல்டரைப் புளி போட்டோ பாலிஷ் போட்டோ பளபளப்பாக்காதீர்கள். வெளிக்கூட்டில் கம்பெனி பெயரோ காப்புரிமைத் தேதியோ மெல்லிய எழுத்தில் பொறித்திருக்க வாய்ப்புண்டு, தேய்த்தால் போய்விடும். ஈரத் துணியால் துடைத்து, காயவைத்து, எழுத்து தெரிகிற மாதிரி பக்கவெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மரை அடாப்டர் தேடும்போது விற்பவர் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.